கிடைக்கக் கூடாத நோட்டீஸ்

குடிமகனின் உரிமைகளிலேயே புனிதமானது, தன் வரி கூடப்போகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் உரிமை. முடிந்துபோன கணக்கில் பிழை கண்டுபிடித்து வரியை ஏற்ற வேண்டுமென்றால், அரசாங்கமே ஆனாலும் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்; அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். குஜராத்தில் உஞ்ஜா ஊர்ச் சீரக வியாபாரிகள் சங்கத்தில் ரண்சோட்பாய் மேசையைத் தட்டி இதைப் பேசியபோது, சீரக மூட்டைகளைத் தவிர எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தப் புனித உரிமை தனக்குக் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இப்போது அவர் சொந்த வீட்டுப் பரணில், அண்டாக்களுக்கு நடுவே குப்புறப் படுத்திருந்தார்.

பக்கத்தில் மனைவி ஜசுபென். அவளுக்கு அந்தப் பக்கம் அவள் தம்பி, ஆடிட்டர் ஹர்ஷத். வாசல் கதவில், வெளிப்புறம், பெரிய பூட்டு; பூட்டிவிட்டுப் பின்கட்டு வழியாக உள்ளே வந்திருந்தார்கள்.

எல்லாம் போன வாரம் கடைக்கு வந்த தேவ்ஜி செய்த உபகாரம். காக்கிச் சட்டை, தோல் பை, வருமான வரி ஆபீஸில் நோட்டீஸ் கொடுக்கிற வேலை.

“சேட், உங்க பழைய கணக்குல கூட்டல் தப்பாம். திருத்துனா ரெண்டு லட்சம் ஏறும். மார்ச் கடைசி நாள் நோட்டீஸோட வருவேன். அன்னிக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள குடுக்க முடியலேன்னா கெடு முடிஞ்சுது. அப்புறம் பைசா ஏத்த முடியாது.”

ரண்சோட்பாய் தராசுத் தட்டுக்கு அடியில் ஐந்நூறு ரூபாயைத் தள்ளினார்.

தேவ்ஜி கூச்சத்தோடு எடுத்துக்கொண்டான். “ஆனா பெரிய அதிகாரி கூடவே வர்றாரு சேட். பொல்லாத ஆளு. உள்ள பூந்து ரூம் ரூமா தேடச் சொல்வாரு. ஒரு தலை தெரிஞ்சாலும் குடுத்துதான் ஆகணும். தெரியலேன்னா ‘ஆள் இல்லை’ன்னு எழுதிட்டுப் போயிடுவேன்.”

“பேசாம மெஹ்சானாவுல எங்க பெரியம்மா வீட்டுக்குப் போயிடலாமே?” என்று அன்று இரவு வீட்டில் ஜசுபென் கேட்டுப் பார்த்தாள்.

“போற வழியில பஸ் ஸ்டாண்டுல பிடிச்சுக் கையில திணிச்சுட்டா?”

குடும்பத்தில் யார் கையில் கொடுத்தாலும் செல்லும், ஆடிட்டர் கையில் கொடுத்தாலும் செல்லும் என்று ஹர்ஷத் சட்டம் சொன்னான். அதனால்தான் பரணில் இத்தனை நெரிசல்.

பின்கட்டுத் தாழ்ப்பாள் அசைந்தது. இரண்டு ஜோடிச் செருப்புகள் உள்ளே வந்தன.

“ரண்சோட்பாய்! வீட்ல யாராவது இருக்கீங்களா?” தேவ்ஜியின் குரல்.

“என்னமா நடிக்கிறான் பாரு,” என்று ரண்சோட்பாய் கிசுகிசுத்தார். “குடுத்த காசுக்கு மேலயே செய்யறான்.”

“தும்மிடாதீங்க அத்தான். தும்மல் கேட்டாலே நோட்டீஸ் சேர்ந்த மாதிரி. தீர்ப்பே இருக்கு.”

“எந்தத் தீர்ப்புடா?” என்றாள் ஜசுபென்.

ஹர்ஷத் அண்டாவைப் பார்த்தான்.

கீழே அலமாரிக் கதவு கிரீச்சிட்டது.

“அலமாரிக்குள்ளகூட என்னைத் தேடறான்!”

“ஆமாமா, அதுக்குள்ள நுழையற உடம்புதான்,” என்றாள் ஜசுபென்.

எதுவோ உருண்டது. ஜசுபென் தலையைத் தூக்கினாள். ரண்சோட்பாய் அவள் வாயைப் பொத்தினார். “ரெண்டு லட்சம்டி!”

“யாரும் இல்லீங்க சார்!” என்று தேவ்ஜி உரக்கச் சொன்னான். சார் பதில் சொல்லவில்லை. பெரிய அதிகாரிகள் அப்படித்தான்.

ஆபீஸ் மூடும் நேரம் தாண்டியதும் மூன்று பேரும் ஒட்டடையோடு இறங்கினார்கள். “அரசாங்கத்தையே ஜெயிச்சுட்டோம்!” என்று ரண்சோட்பாய் ஜிலேபி வாங்கக் கிளம்பினார். ஜசுபென் நல்ல புடவையாக ஒன்று எடுக்க அலமாரியிடம் போனாள்.

அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு எருமை கட்டை அறுத்துக்கொண்டது. வளையல், சங்கிலி, தாய் வீட்டிலிருந்து வந்த ஒட்டியாணம், வெள்ளித் தட்டு என்று ஒன்றுகூட மிச்சமில்லை.

“வாயைத் தொறக்க விட்டீங்களா? என் கண்ணு முன்னாடி, இல்ல, என் தலைக்குக் கீழ கொண்டுபோயிருக்கான்!”

மறுநாள் காலை, ஹர்ஷத் இரவெல்லாம் எழுதிய புகாரோடு அவனும் ரண்சோட்பாயும் வருமான வரி அலுவலகத்துக்குள் புயலாக நுழைந்தார்கள். அதிகாரி கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

“தேவ்ஜியா? நோட்டீஸ் கொண்டுபோற ஆள் வேலை இங்க நாலு வருஷமா காலி. நாங்க எல்லாத்தையும் பதிவுத் தபால்லதான் அனுப்பறோம்.”

ரண்சோட்பாய் நாற்காலியை முன்னால் இழுத்தார். “அப்போ... என் கணக்குல தப்பு இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“திருத்தி முடிச்ச கணக்குக்காரங்க பேரை வாசல் பலகையில ஒட்டியிருக்கோமே. ரோட்டுல போறவன்கூடப் படிக்கலாம்.”

ஹர்ஷத்துக்கு உயிர் வந்தது. “திருத்தி முடிச்சாச்சா! நோட்டீஸ் குடுக்காமலா? எங்க தரப்பைக் கேக்காமலா? இது செல்லாது சார். குடிமகனோட புனிதமான உரிமை!”

“வரியைக் கூட்டினாத்தான் தம்பி நோட்டீஸ் தரணும்,” என்றார் அதிகாரி. “குறைச்சா வேண்டியதில்லை.”

ரண்சோட்பாயின் வரி பதினோரு ரூபாய் குறைந்திருந்தது.