கோதையின் விரல்

விரலை வைத்தால் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் காபி மெஷின் இனிப்புப் போடும். இளங்கோவன் விரலுக்குத் துளிகூடப் போடாது. முகத்தைச் சுளித்துக் குடிக்கும் புருஷனைப் பார்க்கச் சகிக்காமல் அவர் காபிக்கும் கோதையே விரல் வைப்பாள். அவருக்கும் அது தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

இன்று மெஷின் அவளுக்கும் கையை விரித்துவிட்டது. "உங்களுக்கும் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது" என்றது.

கலக்கத்தை மறைத்துக்கொண்டு டம்ளரை நீட்டினாள். ஒரு வாய் குடித்தவர், அவள் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"மெஷின் ரிப்பேருங்க."

அவர் முகம் சுளிக்காமல் முழுக் காபியையும் குடித்தார். வாக்கிங் என்றாலே போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற மனுஷன், எழுந்துபோய் வாசலில் இரண்டு பேர் செருப்பையும் எடுத்துப் போட்டார்.

"வா கோதை, நடந்துட்டு வரலாம்."