சுற்றிப்போகும் விமானம்

“அப்பா சீரியஸா இருக்காருண்ணே, உடனே கிளம்பி வா” என்று மதுரையிலிருந்து தங்கை திலகா போன் செய்தாள். வெளிநாட்டில் இருப்பவனுக்குச் சாவை இப்படித்தான் சொல்வார்கள். தாமோதரன் சிகாகோ விமான நிலையத்திலேயே அழுது முடித்தான். ஒரே நாளில் ஊர் சேர்க்கும் விமானத்தில் இடம் இருந்தது. ஆனால் நடுவில் ஓடி ஓடி மாற வேண்டும். ஐஸ் பெட்டியில் கிடப்பவருக்கு என்ன அவசரம்? இரண்டு நாள் சுற்றிப்போகும் விமானத்தைப் பிடித்தான். மறுபடி போன் செய்யவில்லை. பாவம், அவளை எதற்குத் திரும்பத் திரும்பப் பொய் சொல்ல வைப்பது? காரியம் முடியும்வரை சைவம்தான் என்பதால் துபாயில் இறங்கிக் கோழி பிரியாணி சாப்பிட்டான்.

வீட்டு வாசலில் அப்போதுதான் சாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“விடியுற வரைக்கும், ‘அவன் எங்க வந்துக்கிட்டிருக்கான்’னு கேட்டுக்கிட்டே இருந்தாருண்ணே” என்றாள் திலகா.

அப்பாவின் கையைத் தொட்டான். இன்னும் சூடு இருந்தது.