பதினோரு மணி மோர்

சாரத்திலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்ட கொத்தனார் இருதயராஜிடம், குடலில் வாழும் நுண்ணுயிர்களும் எலும்பு வளரக் கைகொடுக்கும், மோர் அவற்றுக்கு நல்லது என்று டாக்டரம்மா சொன்னதுதான் தாமதம், அவருக்கு அது பிடித்துப்போயிற்று. வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஆட்கள்; மணிக்கட்டில் வேலை நடக்கிறது. மறுநாளிலிருந்து காலை பதினோரு மணியானால் ஒரு சொம்பு மோரை இடது கையால் தூக்கிக் குடித்துவிடுவார்.

“இப்பதான சாப்பிட்டீங்க?” என்றாள் மனைவி ரோஸ்லின்.

“எனக்கில்ல, ஆளுங்களுக்கு. டீ நேரம் தள்ளிப்போனா பூச்சுக் கரண்டிய கீழ வச்சிருவாங்க.”

ஆறாவது வாரம் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முறிந்த இடத்தில் வெண்மையாகப் புது எலும்பு கூடியிருந்தது.

“நல்லா சேர்ந்திருக்கு. இன்னும் ரெண்டு மாசத்துல நீங்க வேலைக்குப் போகலாம்.”

இருதயராஜின் முகம் மலர்ந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. ஒற்றைக் கண்ணை மூடி, தூக்குக்குண்டு பிடித்துச் சுவரைப் பார்ப்பதுபோல் அந்தப் படத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இடது கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டு, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“ஒரு நூல் விலகியிருக்கு டாக்டரம்மா. பரவால்ல, பூசுனா தெரியாது.”