பன்னிரண்டாம் தேதி, ஞாயிறு

'பெண் பார்க்க. மாலை 4 மணி. வெள்ளைச் சட்டை.'

கணவனின் டயரியில் இந்த வரியைப் பார்த்ததும் சத்தியபாமாவின் கையிலிருந்த தூசித் துணி நழுவி விழுந்தது. பக்கத்தின் தலையில் செப்டம்பர் 12, ஞாயிறு என்று அச்சடித்திருந்தது. சுவர்க் கலண்டரைப் பார்த்தாள். இந்த 1999 செப்டம்பரிலும் பன்னிரண்டு ஞாயிறுதான். இன்னும் இரண்டே நாள்.

மாணிக்கராஜ் பண்டாரவளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். கட்டாரிலிருந்து தம்பி அனுப்பிய டிஜிட்டல் டயரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் தோட்டமெல்லாம் காட்டித் திரிந்தவன். ஒரு நாள் பெட்டரி தீர்ந்தது. அதிலிருந்த அத்தனையும் போயே போய்விட்டது.

"காகிதத்துல எழுதுனா அழியவே அழியாது பாமா" என்று அன்றைக்கே ஐயாவுக்கு ஞானம் பிறந்தது. எங்கிருந்தோ ஒரு டயரியைத் தேடியெடுத்துக் காக்கித்தாளில் அட்டை போட்டுக்கொண்டான்.

அதிலும் கோளாறு. போன மாதம் அதை நம்பித் தபால் கந்தோருக்குப் போனால், அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. "டயரில சிவப்புல போடலியே" என்று அசடு வழியத் திரும்பி வந்தான். பாமா அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. கல்யாணமாகி ஐந்து வருடம், இன்னும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை. மாமியார் இராக்கம்மா வாரத்துக்கு ஒரு தடவையாவது பாட்டுப் படிப்பாள்: "கார்த்திக மழையில, அட்டக்கடியோட, ஹல்துமுல்லைக்கு அலஞ்சு பாத்துட்டு வந்த பொண்ணு. என்னா பிரயோசனம்?"

ஆக, மகனுக்கு வேறு பெண் பார்த்துவிட்டார்கள். பாமாவுக்கு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. கேட்டுவிடலாம்தான், ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? பேசாமல் துணிமணியைப் பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தாள்.

ஞாயிறு மூன்று மணிக்கு மாணிக்கராஜ் சவரம் செய்து, பவுடர் பூசிக்கொண்டு வந்தான்.

"பாமா, அந்த வெள்ளச் சட்டையக் கொஞ்சம் அயன் பண்ணிக் குடு."

அவ்வளவுதான். அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துவிட்டது.

"பொண்ணு எந்த ஊருங்க?"

"எந்தப் பொண்ணு? பெரிய கிளாக்கருக்குப் பிரியாவிடை. கிளப்புல டீ பார்ட்டி."

டயரியைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டாள். "காகிதத்துல எழுதுனா அழியாதுன்னீங்கள்ல? வாசிங்க!"

வாசித்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். காக்கி அட்டையை உருவிக் காட்டினான். முகப்பில் பொன்னெழுத்தில் 1993 என்றிருந்தது.

"பழைய டயரி புள்ள! அந்த வருசம் ஏழெட்டுப் பக்கந்தான் எழுதுனேன். தொண்ணூத்தி மூணுக்கும் தொண்ணூத்தி ஒம்பதுக்கும் தேதி, கெழமை அச்சா ஒண்ணு. எதுக்குப் புதுசு வாங்கணும்? போயா மட்டுந்தான் ஒத்து வரல."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"நீதான்டி! ஒன்னப் பாக்க வர்றதுக்கு எழுதி வச்சது. இதுக்குப் போயி அழுவுறியே."

வாசலில் நின்ற இராக்கம்மா, என்ன நினைத்தாளோ, வெற்றிலைப் பெட்டியைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பாமாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தன்னைப் பார்க்க வர, சட்டை நிறம் வரைக்கும் எழுதி வைத்திருக்கிறான் மனுஷன்! இவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை ஆசையாகத் தடவினாள்.

விரல் 'செப்டம்பர்' என்ற எழுத்தில் வந்து நின்றது.

"ஏங்க, நீங்க என்னையப் பாக்க வந்தது கார்த்திக மழையிலதானே?"