வீட்டுக்கு ஒருவர்

பட்டாளத்துக்கு வீட்டுக்கு ஒருவர் போகவேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. கணவன் மனைவியில் யாருக்கு உடம்பில் வலு அதிகமோ, அவருக்குத்தான் பயிற்சி முகாம். அதை அளந்து சொல்ல, தூத்துக்குடியில் பெனிட்டாவின் கையிலும் அவள் கணவன் செல்வின் கையிலும் ஆளுக்கொரு பட்டையைக் கட்டிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து செல்வின் விடியுமுன்பே எழுந்து எங்கோ போனான். திரும்பி வரும்போது களைத்துப்போய், காலை இழுத்து இழுத்து நடந்தான்.

"எங்க போயிட்டு வாறிய?"

"சும்மா, காத்தாட கடக்கரைக்கு."

பெனிட்டா நம்பவில்லை. உடம்பைத் தளர வைக்கும் மாத்திரை துறைமுகத்துப் பக்கம் கிடைக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அதைத் தின்றுவிட்டுத் தன்னை முகாமுக்குத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று அவளுக்குப் பட்டது. அவளும் சும்மா இருக்கவில்லை. ஆள் பிடித்து அதே மாத்திரையை வாங்கி, அவனுக்குத் தெரியாமல் விழுங்கத் தொடங்கினாள். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று ஒருநாள் அவன் பின்னாலேயே போனாள். கடற்கரையில் செல்வின் மணல் மூட்டையைத் தோளில் சுமந்து ஓடிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே போட்டான்.

"இத ஏன் எங்கிட்ட மறைச்சிய?"

"சொன்னா நீயும் போட்டிக்கு ஓடுவ. உன்னயக் கூட்டிட்டுப் போயிருவானுவ."

பெனிட்டாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான்: அவன் போகிறான், நான் போகவேண்டாம். அப்படி நிம்மதி வந்ததை நினைத்துத்தான் அப்புறம் அவளுக்கு அழுகை வந்தது.

"அழாத பிள்ள, ஒரு வருசந்தான்" என்று செல்வின் அவளைத் தேற்றினான்.