டாஃபடில் கேக்

"மேவிஸ், சட்டுனு வாங்க! ஏழு வயசு மேவிஸ் கெடச்சிருக்கா!"

ஹால் வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்த மேவிஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

ட்ரெவன்னிக் கிராமத்தில் வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை, பழைய படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டுவார்கள். ஊரே டீயும் குங்குமப்பூ ரொட்டியுமாக உட்கார்ந்துகொண்டு, படத்தில் இருப்பவர்களுக்கு ஒவ்வொருவராகப் பேர் சொல்லும். ஒரு முகத்தையும் பேரில்லாமல் விடமாட்டார்கள். சொன்னதை நோட்டில் எழுதிக்கொள்வது, இப்போது அவளைக் கூப்பிட்ட டென்ஸிலின் வேலை.

"எந்தப் படம்டா?"

"நாப்பதாம் வருஷம், அக்டோபர். குண்டுக்குப் பயந்து லண்டன்லேர்ந்து புள்ளைங்க ரயில்ல வந்து எறங்குச்சே, அன்னைக்கு எடுத்தது. லவ்டே அத்தை உங்களக் கட்டிப் புடிச்சிட்டு நிக்கிறாங்க. சர்ச் அலமாரிய ஒழிச்சோம், அத்தையோட பாட்டுப் புத்தகத்துக்குள்ள இருந்துச்சு."

அட்டையில் செருகிய சின்னப் படம். அத்தையின் தொப்பி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவள் அணைப்பில், தொளதொள கோட்டில், ஒரு நோஞ்சான் பெண். அதன் தோளில் விஷவாயு முகமூடிப் பெட்டி தொங்கியது. பெட்டியின்மேல் வெள்ளைப் பெயின்ட்டில் என்னவோ கிறுக்கியிருந்தது.

"பொட்டியில என்னமோ எழுதியிருக்கு பாருங்க. இப்பத் தெரியல. மெஷின்ல ஏத்திச் சுவத்துல போட்டா ஒவ்வொரு எழுத்தும் ஆள் உசரத்துக்கு வரும்! ஆறு மணிக்கு ஊரே படிக்கலாம்."

மேவிஸ் படத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"அதெல்லாம் எதுக்குடா? பாக்கவே சகிக்கல, வேற படம் போடு."

"அடப் போங்க! எழுபத்தேழு வயசுல என்ன வெக்கம்?" டென்ஸில் சிரித்தான். "அத்தை இப்ப இருந்திருக்கணும். அவங்க டாஃபடில் கேக் ஞாபகம் இருக்கா? மார்ச் ஒம்பது வந்தாத் தெருவுக்கே துண்டு வரும். சர்க்கரை ரேஷன்ல கெடந்த காலத்துலயே போட்டாங்கன்னு எங்கம்மா சொல்லும். கேட்டா, டாஃபடில் பூத்ததுக்குன்னுவாங்க. பூக்காத வருஷமும் போடுவாங்க!"

"தொண்டை வறண்டு போச்சுடா. ஒரு டீ போட்டுக் குடேன்."

அவன் அடுக்களைக்குள் போனதுதான் தாமதம், படம் அவள் கைப்பைக்குள் போயிற்று.

மழையில் குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் நடந்தாள். எதிரே வந்த சிநேகிதி பேர்ல் விடவில்லை.

"ஏன்டி, பேயறைஞ்ச மாதிரி எங்க ஓடற? ஆறு மணிக்கு எனக்கும் சேத்து எடம் புடிச்சு வை!"

மேவிஸ் அவளைத் தாண்டிப் போனாள். வீட்டுக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டாள்.

அவள் மேவிஸே இல்லை.

லண்டனில் ரயில் கிளம்பும் நேரம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை அவள் அம்மா மனசு கேட்காமல் அழுதுகொண்டே இறக்கிக் கூட்டிப் போய்விட்டாள். கோட்டு மட்டும் இருக்கையில் கிடந்தது. குளிருக்கு அதை எடுத்துப் போட்டுக்கொண்டாள் அநாதை விடுதிப் பெண்ணான இவள், ஐவி. ட்ரெவன்னிக்கில் ஊர்க்காரர்கள் 'எனக்கு இந்தப் புள்ள, எனக்கு அந்தப் புள்ள' என்று பொறுக்கி எடுத்தபோது விடுதிப் பிள்ளைகள் பக்கம் யாரும் திரும்பவில்லை. அப்போதுதான் ஒரு பெண்மணி கோட்டில் தொங்கிய சீட்டைப் படித்தாள். "நீதான் மேவிஸா? எங்கண்ணன் பொண்ணா?"

ஐவி தலையை ஆட்டிவிட்டாள்.

மறுநாளே முகமூடிப் பெட்டியைக் கொண்டுபோய் ஆற்றில் எறிந்தாள். அதில் தன் பேர் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். மற்றதைப் படிக்க அப்போது எழுத்து தெரியாது. அந்தக் குளிர்காலத்திலேயே நிஜ மேவிஸின் வீட்டின்மேல் குண்டு விழுந்து, கேட்க ஆளில்லாமல் போயிற்று.

எழுபது வருஷம்! ஒருநாள்கூட நிம்மதியாகத் தூங்கியதில்லை. வாசலில் தபால்காரர் நின்றால் பயம், லண்டன்காரர் யாராவது சிரித்தால் பயம். இந்த வீட்டை அத்தை 'என் அண்ணன் மகள் மேவிஸுக்கு' என்று எழுதிவைத்துப் போனாள். இன்று ஆறு மணிக்கு ஊரே 'அடிப்பாவி, திருடி' என்று காறித் துப்பும். அத்தையின் கல்லறைப் பக்கம்கூடப் போக முடியாது.

போன் அடித்தது.

"மேவிஸ், படத்தக் காணோம்! தெரியாம உங்க பையில விழுந்திருக்கான்னு பாருங்க. நானே வர்றேன், அஞ்சே நிமிஷம்."

போனை வைத்துவிட்டுக் கணப்பு அடுப்பின் முன் மண்டியிட்டாள். நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது. படத்தை அட்டையிலிருந்து உருவினாள். அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் கருகுவதைப் பார்க்க மனசு வரவில்லை.

"என்னை மன்னிச்சிரு அத்தை."

வாசலில் கேட் கிறீச்சிட்டது. படத்தைக் கவிழ்த்து நெருப்புக்கு நேரே நீட்டியவள், அதன் முதுகைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்தாள். அங்கே பென்சிலில், சாய்வான அத்தையின் கையெழுத்து.

'இன்று அண்ணனிடமிருந்து தந்தி, மேவிஸை அனுப்பவில்லையாம். நேற்று வந்தவள் பேர் ஐவி. பாவம், தன் பேரைச் சொல்லப் பயப்படுகிறாள், நானும் கேட்கப் போவதில்லை. பிறந்த நாள் மார்ச் 9 என்று பெட்டியில் இருக்கிறது, கேக் மறக்கக் கூடாது.'