சைக்கிள் கடைக்கு வந்த ரசீது

தேனாம்பேட்டையில் தன் சைக்கிள் கடை வாசலில் வந்து நின்ற பெண்ணிடம் சின்னப்பையன் எரிந்து விழுந்தார். “வலிப்பு நோய் ஆராய்ச்சிக்கு நன்கொடையா? ஊர்க் காச வாங்கி நீங்க காரு வாங்கறதுக்கா?”

“வசூலுக்கு வரலை பெரியவரே. உங்க வீட்டம்மா மாசாமாசம் பத்து ரூபா அனுப்பறாங்க. ரசீது கொடுக்க வந்தேன்.”

கிழவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்குள் இருந்த மனைவியிடம் திரும்பினார். “ஏண்டி முனியம்மா, நம்ம வூட்ல எவனுக்குக் கீது வலிப்பு?”

முனியம்மாள் புடவைத் தலைப்பைத் திருகினாள். “நீ வெயில்ல மயங்கி வுழுந்து எழுந்திருக்கிறப்பல்லாம் கையில ஸ்பேனர் இருக்குமே, இரும்பாச்சேன்னு நாந்தான்யா திணிச்சேன். அது மயக்கமில்ல, வலிப்பு. சொன்னா நீ ஒடிஞ்சிபூடுவியேன்னு மறைச்சேன்.”

சின்னப்பையன் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு கத்தினார்.

“என் நோவுக்கு வெறும் பத்து ரூபாதானாடி?”